ஓடும் பம்பும் நிற்கும் பம்பும்

(திருவொற்றியூரில் நடந்த நமது முன்னாள் மாணவர் சங்கச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"அண்ணே, பழைய கதையெல்லாம் பேச நிறைய பேர் இருக்காங்க. நீங்க தொழிலைப் பத்திப் பேசுங்க" என்று செயலாளர் கட்டளையிட்டிருக்கிறார். முப்பத்தைந்து வருஷத்துக்கு மேல் மணலிக்கும் எண்ணூருக்கும் நடுவே மெயின்டனன்ஸ் வேலை பார்த்தவன் நான். எனக்குத் தெரிந்த தொழில் என்றால் அது பம்ப்தான். ஆகவே சென்ட்ரிஃபியூகல் பம்பைப் பாதுகாப்பாக ஓட்டுவது, பராமரிப்பது பற்றிப் பேச வந்திருக்கிறேன். சாப்பாட்டு நேரம் நெருங்குகிறது என்று தெரியும். பயப்படாதீர்கள், சுருக்கமாக முடித்துவிடுவேன்.

நம்ம பகுதியை நினைத்துப் பாருங்கள். 1950-களில் திருவொற்றியூரில் என்ஃபீல்டு மோட்டார் சைக்கிள் வந்தது. 1969-ல் மணலியில் சுத்திகரிப்பு ஆலை ஓட ஆரம்பித்தது. 1971-ல் உர ஆலை. 1970 முதல் 1975 வரை எண்ணூர் அனல் மின் நிலையத்தில் ஐந்து யூனிட்டுகள் ஒவ்வொன்றாக எழுந்தன. அந்த 450 மெகாவாட் நிலையம் 2017-ல் மூடப்பட்டுவிட்டது. 2010-ல் மீஞ்சூர் பக்கம் காட்டுப்பள்ளியில் ஒரு நாளைக்கு 10 கோடி லிட்டர் கடல் நீரைக் குடிநீராக்கும் ஆலை வந்தது. ஒரு இடத்தில் வண்டி, ஒரு இடத்தில் பெட்ரோல், ஒரு இடத்தில் யூரியா, ஒரு இடத்தில் கரண்ட், ஒரு இடத்தில் குடிநீர். சரக்கு வேறு வேறு. ஆனால் எந்த கேட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் காதில் விழும் சத்தம் பம்ப் சத்தம்தான்.

குடும்பத்தினருக்காக ஒரே ஒரு வார்த்தை. மத்தால் மோர் கடையும்போது மோர் பானையின் ஓரத்தை நோக்கி ஏறுகிறது அல்லவா? அதேதான் இது. மத்துக்குப் பதில் இம்பெல்லர், பானைக்குப் பதில் கேசிங். நடுவில் வரும் தண்ணீரை இம்பெல்லர் சுழற்றி வெளியே வீசுகிறது. அந்த வேகம் கேசிங்கில் அழுத்தமாக மாறுகிறது. அவ்வளவுதான் பம்ப். இவ்வளவு எளிய மெஷின் என்பதால்தான் அதை யாரும் மதிப்பதில்லை. பாய்லர் என்றால் பயம், கம்ப்ரஸர் என்றால் மரியாதை, பம்ப் என்றால் "அது பாட்டுக்கு ஓடும் சார்" என்கிற அலட்சியம். என் அனுபவத்தில் ஆபத்து இந்த அலட்சியத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது.

முதலில் ஓடும் பம்பைப் பற்றி.

பம்ப் தண்ணீரை உறிஞ்சுகிறது என்று சொல்கிறோம். உண்மையில் உறிஞ்சுவதில்லை. இம்பெல்லர் கண்ணில் அழுத்தம் குறைகிறது, வெளியே இருக்கும் காற்று மண்டலம் தண்ணீரை உள்ளே தள்ளுகிறது. காற்று மண்டலத்தால் தள்ள முடிந்த உயரம் கணக்குப்படி 10.3 மீட்டர். குழாய் உரசல், நீராவி அழுத்தம் எல்லாம் போக, நடைமுறையில் ஆறு ஏழு மீட்டருக்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது. திரவம் சூடாக இருந்தால் அதுவும் கிடையாது. சக்ஷனில் ஸ்ட்ரெய்னர் அடைத்துக்கொண்டாலோ, வால்வு அரைகுறையாகத் திறந்திருந்தாலோ, இம்பெல்லர் கண்ணிலேயே தண்ணீர் குளிர்ச்சியாகவே கொதித்துக் குமிழியாகிறது. அந்தக் குமிழிகள் அழுத்தம் கூடும் இடத்துக்குப் போய் உடையும்போது உலோகத்தையே கொத்தி எடுத்துவிடும். வெளியே நிற்பவனுக்கு பம்புக்குள் ஜல்லியை அள்ளிப் போட்ட மாதிரி சத்தம் கேட்கும். இதைத்தான் கேவிட்டேஷன் என்று ஹைட்ராலிக்ஸ் வகுப்பில் படித்தோம். பல பேர் இந்தச் சத்தம் கேட்டதும் பேரிங்கை மாற்றுவார்கள். பேரிங் புதுசாகும், ஜல்லிச் சத்தம் அப்படியே இருக்கும். சத்தம் கேட்டால் முதலில் சக்ஷன் கேஜைப் பாருங்கள்.

ஸ்டார்ட் செய்யும் முறை எல்லோருக்கும் தெரியும். சக்ஷன் வால்வு முழுதாகத் திறந்திருக்க வேண்டும். காற்றை வெளியேற்றி பிரைமிங் செய்ய வேண்டும். ஷாஃப்டைக் கையால் ஒரு சுற்று சுற்றிப் பார்க்க வேண்டும். சுற்றும் திசை சரியா என்று பார்க்க வேண்டும். மூன்று ஃபேஸில் இரண்டு இடம் மாறினால் மோட்டார் தலைகீழாகச் சுற்றும். அப்போதும் கொஞ்சம் தண்ணீர் வரும், அதனால் பல நாள் யாருக்கும் தெரியாது. நம்ம வழக்கமான பம்பில் டெலிவரி வால்வை மூடி ஸ்டார்ட் செய்வோம், மோட்டார் கம்மியான ஆம்பியர் இழுக்கும் என்பதற்காக. ஆக்ஸியல் ஃப்ளோ பம்பில் இதற்கு நேர்மாறு, அங்கே வால்வு திறந்திருக்க வேண்டும். வேகம் பிடித்ததும் டெலிவரியைத் திறந்துவிட வேண்டும்.

இந்த இடத்தில்தான் விஷயம் இருக்கிறது. திறக்க மறந்தால் என்ன ஆகும்? சின்னக் கணக்கு ஒன்று போடுவோம். கேசிங்கில் 20 லிட்டர் தண்ணீர். மோட்டார் 7 கிலோவாட் இழுக்கிறது. தண்ணீர் எங்கேயும் போகாததால் அந்தச் சக்தி முழுதும் சூடாக மாறுகிறது. நிமிஷத்துக்குச் சுமார் 5 டிகிரி ஏறும். 30 டிகிரியில் ஆரம்பித்தால் கால் மணி நேரத்தில் கொதிநிலை. டீ குடித்துவிட்டு வருகிற நேரம்! இரண்டு பக்க வால்வும் மூடியிருந்தால் அந்த ஆவிக்குப் போக வழியே இல்லை. வெறும் தண்ணீர் ஓடும் பம்பின் கேசிங்கூட இப்படி வெடிக்கலாம். வார்ப்பு இரும்பு வளைந்து எச்சரிக்கை கொடுக்காது, ஒரேயடியாகச் சிதறும். ஆகவே மினிமம் ஃப்ளோ லைன் வைத்திருந்தால் அதை மூடாதீர்கள். இல்லையென்றால் டெலிவரி திறக்கும் வரை ஆள் பம்ப் பக்கத்தைவிட்டு நகரக் கூடாது.

தினசரிப் பராமரிப்பு பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. கிளாண்ட் பேக்கிங் சொட்ட வேண்டும், நிமிஷத்துக்கு 40 முதல் 60 சொட்டு வரை. தரை ஈரமாகிறதே என்று கிளாண்டை இறுக்கினால் ஷாஃப்ட் ஸ்லீவ் தேய்ந்து போகும். மெக்கானிக்கல் சீல் என்றால் சொட்டக் கூடாது, அதே சமயம் ஒரு நொடிகூடக் காய்ந்து ஓடக் கூடாது. பேரிங்குக்கு கிரீஸ் அதிகமானாலும் சூடு, குறைந்தாலும் சூடு. நம்ம கடற்கரைக் காற்றில் உப்பு இருக்கிறது. பேஸ் பிளேட்டும் ஃபவுண்டேஷன் போல்ட்டும் மற்ற ஊரைவிட இங்கே சீக்கிரம் அரிக்கும். போல்ட் தளர்ந்தால் அலைன்மென்ட் போகும், அலைன்மென்ட் போனால் கப்ளிங், சீல், பேரிங் என்று வரிசையாகப் போகும். ஸ்குரூ டிரைவரின் பிடியைக் காதில் வைத்து, நுனியைப் பேரிங் ஹவுஸிங்கில் வைத்துக் கேட்கும் பழைய மேஸ்திரிகளை நாம் பார்த்திருக்கிறோம். இன்று வைப்ரேஷன் மீட்டர் வந்துவிட்டது. நல்லதுதான். ஆனால் மீட்டரில் வரும் எண்ணை தினமும் ஒரு நோட்டில் எழுதாவிட்டால் காதும் போச்சு, மீட்டரும் போச்சு.

கப்ளிங் கார்டு பற்றி ஒரு வார்த்தை. சுழலும் பாகத்துக்கு வேலி வேண்டும் என்று 1948-ம் வருஷத்துத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 21-ம் பிரிவிலேயே எழுதிவிட்டார்கள். ஓடும் மெஷின் பக்கத்தில் வேலை செய்பவர் உடம்போடு ஒட்டிய உடை அணிய வேண்டும் என்றது 22-ம் பிரிவு. கழுத்தில் துண்டு, தொங்கும் ஐ.டி. கார்டு கயிறு, மடித்துக் கட்டின லுங்கி, இவை எதுவும் கப்ளிங் பக்கத்தில் ஆகாது. கார்டைக் கழற்றினால் மாட்டின பிறகுதான் ஸ்டார்ட்.

இனி நிற்கும் பம்புக்கு வருகிறேன். நான் சொல்ல வந்தது முக்கியமாக இதைத்தான்.

ஓடும் பம்பை எல்லோரும் மதிக்கிறார்கள். அது சத்தம் போடுகிறது, அதிர்கிறது. நிற்கும் பம்ப் சாதுவாக இருக்கிறது. ஆனால் நின்ற பம்புக்குள் மூன்று விஷயங்கள் காத்திருக்கலாம். ஒன்று, கரண்ட். ஸ்டாண்ட்-பை பம்ப் ஆட்டோவில் இருந்தால் லைன் அழுத்தம் குறைந்ததும் யாரும் பட்டன் அழுத்தாமலேயே ஓடும். இரண்டு, அழுத்தமும் சூடும். மூடின வால்வு உள்ளுக்குள் கசியலாம். மூன்று, திரும்பி வரும் திரவம். நான்-ரிடர்ன் வால்வு பிடிக்காவிட்டால் நின்ற பம்ப் தலைகீழாகச் சுழலும். அந்த நேரம் ஸ்டார்ட் செய்தால் ஷாஃப்டே முறியும்.

அமெரிக்காவில் நியூ மெக்சிகோ மாநிலத்தில் ஜயன்ட் இண்டஸ்ட்ரீஸ் நடத்திய சினிசா சுத்திகரிப்பு ஆலையில் 2004 ஏப்ரல் 8-ம் தேதி நடந்ததைக் கேளுங்கள். பழுதான ஒரு பம்பைக் கழற்ற வேண்டும். சக்ஷனில் கால் சுற்று திரும்பும் பிளக் வால்வு. வால்வைத் திருப்பும் கைப்பிடி தனியாக மாட்டுகிற வகை, எந்தத் திசையிலும் மாட்டலாம். கைப்பிடி குழாய்க்குக் குறுக்கே இருந்தால் மூடியிருக்கிறது என்பது எல்லோருக்கும் பழகின அடையாளம். ஆபரேட்டர் குறுக்கே திருப்பினார். மூடியாயிற்று என்று நினைத்தார்கள். பூட்டு போட்டார்கள், அட்டை மாட்டினார்கள். உண்மையில் வால்வு திறந்திருந்தது! வால்வுத் தண்டில் இருந்த சரியான அடையாளம் அதைக் காட்டிக்கொண்டுதான் இருந்தது. பம்பைப் பிரித்ததும் சூடான எரிதிரவம் பீறிட்டது, தீப்பிடித்தது, வெடித்தது. ஆறு பேர் காயமடைந்தார்கள். பூட்டு இருந்தது, அட்டை இருந்தது, காகிதம் இருந்தது. உள்ளே அழுத்தம் உண்மையிலேயே இல்லையா என்கிற சோதனைதான் சரியாக நடக்கவில்லை.

இன்னொன்று, வட கடலில் இருந்த பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடை. 1988 ஜூலை 6. அங்கே இருந்தது நம்ம வகை இல்லை, பிஸ்டன் வகைப் பம்ப். பாடம் ஒன்றுதான். ஒரு பம்பின் சேஃப்டி வால்வைப் பகலில் கழற்றியிருந்தார்கள். அந்த இடத்தில் தற்காலிகமாக ஒரு மூடி மட்டும் போட்டிருந்தார்கள். அந்தச் செய்தி இரவு ஷிஃப்டுக்கு ஒழுங்காகப் போய்ச் சேரவில்லை. இரவில் மற்ற பம்ப் டிரிப் ஆனது. இதை ஸ்டார்ட் செய்தார்கள். மூடி வழியாகக் கசிவு, தீ, வெடிப்பு. 167 பேர் இறந்தார்கள். இரண்டு ஷிஃப்டுக்கு நடுவே போய்ச் சேராத ஒரு செய்தி.

அது எங்கேயோ அமெரிக்கா, ஸ்காட்லாந்து என்று நினைக்க வேண்டாம். நம்ம பக்கத்திலேயே, பெயர் சொல்ல விரும்பாத ஒரு தொழிற்சாலையில், ஷட்-டவுன் நேரத்தில் நடந்ததை நான் பார்த்தேன். பாய்லருக்கு வெந்நீர் அனுப்பும் பம்ப். சீல் மாற்ற வேண்டும். பெர்மிட் எழுதியாயிற்று. சக்ஷன் வால்வு மூடியிருந்தது, ஆனால் உள்ளே கசிந்துகொண்டிருந்தது. கேஜ் பூஜ்யம் காட்டியது. காட்டாமல் என்ன செய்யும், கேஜுக்குப் போகும் சின்னக் காக் அழுக்கில் அடைத்திருந்தது! கான்ட்ராக்டர் அனுப்பிய ஃபிட்டர், இருபத்து நாலு வயசுப் பையன், தன் பக்கத்து நட்டை முதலில் கழற்றினான். வெந்நீர் மார்பிலும் கையிலும் பாய்ந்தது. கீழ்ப்பாக்கம் மருத்துவமனைத் தீக்காயப் பிரிவில் இரண்டு மாசத்துக்கு மேல் கிடந்தான். உயிர் பிழைத்தான். வலது கை விரல்கள் முழுசாக மடங்கவில்லை. ஃபிட்டர் வேலை அதோடு முடிந்தது.

பிறகு விசாரணை நடந்தபோது அவனிடம் ஒரு கேள்வி கேட்டார்கள்: "பெர்மிட்ல என்ன எழுதியிருந்தது, பார்த்தியா?" அவன் சொன்ன பதில் இன்றைக்கும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. "பெர்மிட்னு ஒண்ணு இருக்குன்னு எனக்கு யாரும் காட்டலை சார். சூப்பர்வைசர் ரெடின்னு சொன்னாரு, கழட்டினேன்."

நண்பர்களே, பெர்மிட்டில் ஐந்து கையெழுத்து இருந்தது. உடம்பைக் கொடுத்தவன் கையெழுத்து மட்டும் அதில் இல்லை. இந்த ஒரு வரியைத்தான் நீங்கள் வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

எங்கள் காலத்தில் பம்பைப் பிரித்தவர்கள் அந்தப் பம்போடு இருபது வருஷம் வாழ்ந்தவர்கள். எந்த வால்வு பிடிக்கும், எந்த வால்வு கசியும் என்று அவர்களுக்குத் தெரியும். இன்று பல இடங்களில் பம்பைத் திறப்பவர் கான்ட்ராக்ட் தொழிலாளி. இந்த வாரம் மணலி, அடுத்த வாரம் அத்திப்பட்டு. பம்புக்குள் ஓடுவது தண்ணீரா, ஆசிடா, நாஃப்தாவா என்றுகூடச் சில சமயம் அவருக்குச் சொல்வதில்லை. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர் என்றால் தமிழில் எழுதிய அட்டையைப் படிக்கவும் முடியாது. அனுபவம் கைமாறாத இடத்தில் முறை ஒன்றுதான் காப்பாற்றும். அந்த முறையைச் சொல்லிவிடுகிறேன்.

முதலாவது, மோட்டாரின் மின்சாரத்தை ஸ்டாப் பட்டனில் நிறுத்தினால் போதாது. பிரேக்கரிலேயே துண்டித்துப் பூட்ட வேண்டும். அந்தப் பூட்டின் ஒரே சாவி, பம்பைத் திறப்பவர் பாக்கெட்டில் இருக்க வேண்டும். மூன்று பேர் வேலை செய்தால் மூன்று பூட்டு. பூட்டின பிறகு ஸ்டார்ட் பட்டனை அழுத்திப் பார்க்க வேண்டும். ஓடவில்லை என்று கண்ணால் பார்த்த பிறகுதான் அடுத்த வேலை.

இரண்டாவது, சக்ஷன், டெலிவரி மட்டுமல்ல, சீலுக்கு வரும் ஃப்ளஷிங் லைன், பை-பாஸ், வார்ம்-அப் லைன் எல்லாவற்றையும் மூட வேண்டும். ஆபத்தான திரவம் என்றால் வால்வை மட்டும் நம்பாமல் ஃபிளாஞ்சில் பிளைண்ட் பிளேட் போட வேண்டும்.

மூன்றாவது, டிரெயினும் வென்ட்டும் திறந்து காலி செய்ய வேண்டும். டிரெயினில் ஒன்றும் வரவில்லை என்றால் இரண்டு அர்த்தம் உண்டு: உள்ளே ஒன்றும் இல்லை, அல்லது டிரெயின் அடைத்திருக்கிறது. கேஜ் பூஜ்யத்துக்கும் இதே இரண்டு அர்த்தம். எது என்று தெரியும் வரை நட்டில் ஸ்பானர் வைக்கக் கூடாது.

நான்காவது, பழைய மேஸ்திரிகள் சொல்லிக்கொடுத்தது. ஃபிளாஞ்சைப் பிரிக்கும்போது உன் உடம்புக்கு எதிர்ப்பக்கத்து நட்டை முதலில் தளர்த்து. முழுசாகக் கழற்றாதே, தளர்த்து மட்டும். மிச்சம் ஏதாவது இருந்தால் அந்தப் பக்கமாகப் பீறிடும், உன் மேல் வராது. காசு செலவில்லாத பாதுகாப்பு இது.

ஐந்தாவது, இந்த நாலையும் திறப்பவரே நேரில் நடந்து பார்த்து, அவருக்குப் புரிந்த மொழியில் கேட்டு, அவரே கையெழுத்தோ கைநாட்டோ வைக்க வேண்டும். திருப்தி இல்லையென்றால் "நான் திறக்க மாட்டேன்" என்று சொல்ல அவருக்கு உரிமை வேண்டும். அப்படிச் சொன்னதற்காக மறுநாள் கேட் பாஸ் ரத்தாகக் கூடாது.

பம்ப் குழிக்கும் சம்ப்புக்கும் இதே மரியாதை வேண்டும். ஃபுட் வால்வில் குப்பை அடைத்தது என்று சட்டென்று உள்ளே இறங்குகிறார்கள். கழிவு நீர்க் குழியில் ஹைட்ரஜன் சல்ஃபைட் இருக்கலாம். அழுகின முட்டை வாசனை வந்தால் அது இருக்கிறது என்று அர்த்தம். ஆனால் அளவு கூடினால் மூக்கே மரத்துப்போய் வாசனை தெரியாது. வாசனை இல்லை என்பது இறங்க அனுமதி ஆகாது. ஒருத்தர் விழுந்தால் காப்பாற்றப் போகிறேன் என்று இன்னொருத்தர் இறங்கி, அவரும் விழுகிறார். காற்றைச் சோதிக்காமல், கயிறு கட்டாமல், மேலே ஆள் நிற்காமல் யாரும் இறங்கக் கூடாது. இறங்காமலேயே கழற்றி மேலே எடுக்கும்படி பம்பை அமைப்பது இன்னும் நல்லது.

மழைக்காலத்துக்கும் ஒரு வார்த்தை. 2015 டிசம்பரிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் வட சென்னை தண்ணீரில் நின்றதை மறந்திருக்க மாட்டோம். தண்ணீர் வடிந்ததும் அவசரத்தில் மோட்டாரை ஆன் செய்யாதீர்கள். காய வைத்து, மெகர் போட்டுப் பார்த்து, 415 வோல்ட் மோட்டாருக்குக் குறைந்தது ஒரு மெகாஓம் வந்தால்தான் கரண்ட். எர்த் இணைப்பையும் பாருங்கள். பேரிங்கில் தண்ணீர் புகுந்திருந்தால் பழைய எண்ணெயைக் கொட்டிவிட்டுப் புதுசு நிரப்புங்கள். இது தொழிற்சாலைக்கு மட்டுமில்லை, உங்கள் அபார்ட்மென்ட் மோட்டார் ரூமுக்கும் பொருந்தும்.

நிறைவாக நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். இந்த அரங்கில் கான்ட்ராக்டர்கள் இருக்கிறீர்கள், பிளான்ட் மேனேஜர்கள் இருக்கிறீர்கள், பெர்மிட்டில் கையெழுத்துப் போடும் இன்ஜினீயர்கள் இருக்கிறீர்கள். நம் கல்லூரி ஹைட்ராலிக்ஸ் லேபில் குறுக்கே வெட்டி வைத்த பம்ப் ஒன்று இன்னும் இருக்கிறது. வருஷத்துக்கு நான்கு ஞாயிற்றுக்கிழமை, அரை நாள், நம்ம பகுதியில் வேலை செய்யும் கான்ட்ராக்ட் ஃபிட்டர்களை அழைத்து, அந்தப் பம்பைக் கையால் தொட்டுப் பார்க்க வைத்து, இந்த ஐந்து விஷயத்தையும் செய்து காட்டுவோம். தமிழிலும் இந்தியிலும் சொல்லுவோம். வருகிறவருக்கு அந்த அரை நாள் கூலியையும், ஒரு பூட்டும் சாவியும் கொடுத்து அனுப்புவோம். பாடம் எடுக்க நான் தயார். செலவுக்குப் பொருளாளரிடம் என் பங்கை இன்றே கட்டிவிடுகிறேன். இன்னும் நாலு பேர் முன்வந்தால் மழைக்காலத்துக்கு முன்னால் முதல் வகுப்பை நடத்திவிடலாம்.